நடத்தப்படாத ஆறு பாடங்கள்

விண்ணும் வகுப்பறையும்: வரலாற்றுத் தொடர் – 9

ஸ்கைலாப் ஆய்வகத்தில் அரபெல்லா என்ற சிலந்தி எடையற்ற நிலையில் வலை பின்னப் பழகிய கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளி மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி 1973இல் விண்வெளிக்குப் போனது. கேட்ட மாணவியும் அவளுடைய ஆசிரியர்களும் தரையிலேயே இருந்தார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து அமெரிக்கா அதைவிடத் துணிச்சலான ஒரு முடிவெடுத்தது: இந்த முறை ஆசிரியரையே அனுப்புவது.

1984 ஆகஸ்ட் 27 அன்று அதிபர் ரீகன் அதை அறிவித்தார். விண்வெளி ஓடத்தில் ஏறப்போகும் முதல் சாதாரணக் குடிமகன் ஒரு பள்ளி ஆசிரியராக இருப்பார் என்றார். அது தேர்தல் ஆண்டு என்பதை மறந்துவிட முடியாது. நாசாவுக்கும் அதில் ஒரு தேவை இருந்தது. அடிக்கடியும் மலிவாகவும் போய்வரக்கூடிய வாகனம் என்று சொல்லித்தான் விண்வெளி ஓடத் திட்டத்துக்கு நிதி பெற்றிருந்தார்கள். விமானிகளும் விஞ்ஞானிகளும் மட்டுமே ஏறும் வாகனத்தைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏறி இறங்கினால் நாடே நம்பும். இந்தக் கணக்குகள் அத்தனையும் உண்மை. ஆனால் அறிவிப்பைக் கேட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்த ஆசிரியர்களின் ஆசையும் அதே அளவுக்கு உண்மை.

11,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். மாநிலக் கல்வித் தலைமை அலுவலர்களின் மன்றம்தான் நாசாவுக்காகத் தேர்வை நடத்தியது. மாநிலத்துக்கு இருவரோடு, வெளிநாட்டிலுள்ள அமெரிக்கப் பள்ளிகள், பழங்குடியினர் பள்ளிகள் போன்றவற்றின் ஆசிரியர்களையும் சேர்த்து 114 பேர் வாஷிங்டனுக்கு வந்தார்கள். அவர்களிலிருந்து பத்துப் பேர், பத்துப் பேரிலிருந்து ஒருவர். 1985 ஜூலை 19 அன்று வெள்ளை மாளிகையில் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் பெயரைப் படித்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், கான்கார்ட் உயர்நிலைப் பள்ளி, கிறிஸ்டா மெக்காலிஃப். அவருக்கு மாற்றாக இடாஹோ மாநிலத்தின் மெக்கால் என்ற சிறு மலையூரில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த பார்பரா மோர்கன். இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள்.

கிறிஸ்டா இயற்பியல் ஆசிரியை அல்லர். சமூக அறிவியல் நடத்தியவர். அமெரிக்கப் பெண்களின் வரலாற்றை அவர்களுடைய நாட்குறிப்புகள், கடிதங்கள் வழியே சொல்லிக்கொடுக்கத் தாமே ஒரு பாடத்திட்டம் வகுத்திருந்தார். வரலாறு மன்னர்களாலும் தளபதிகளாலும் மட்டும் ஆனதன்று, கூண்டு வண்டியில் மேற்கே குடிபெயர்ந்த பெண் எழுதிவைத்த நாட்குறிப்பும் வரலாறுதான் என்பது அவர் வகுப்பின் சாரம். விண்ணப்பத்திலும் அதையே எழுதினார். பயிற்சி, பயணம், திரும்பி வந்த பின் என்று மூன்று கட்டமாக ஒரு நாட்குறிப்பு எழுதுவேன், விண்வெளிக்குப் போன சாதாரண மனுஷியின் பதிவாக அது இருக்கும் என்றார். இத்தனை விஞ்ஞான ஆசிரியர்கள் விண்ணப்பித்தும் தேர்வாளர்கள் இவரிடம் வந்து நின்றதற்குக் காரணம் இந்த நேரடியான பேச்சுதான் என்று நான் நினைக்கிறேன். கேமராவைப் பார்த்துப் பேசும்போதும் கடைசி பெஞ்சில் இருக்கும் பையனைப் பார்த்துப் பேசுவதுபோலவே அவரால் பேச முடிந்தது. அந்த ஒளிப்பதிவுகள் இன்றும் இருக்கின்றன.

1985 செப்டம்பரில் ஹூஸ்டனில் பயிற்சி தொடங்கியது. பாடங்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டார். இரண்டு பாடங்கள் சுற்றுப்பாதையிலிருந்து நேரலை. முதல் பாடம் ஓடத்தைச் சுற்றிக் காட்டுவது: யார் எங்கே உட்காருகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள். இரண்டாவது, இதுவரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இனி எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்பது. இவை தவிர, படம்பிடித்துக் கொண்டுவந்து பின்னர் பள்ளிகளுக்குத் தருவதற்காக ஆறு செய்முறைகள்: காந்தம், நியூட்டனின் விதிகள், எளிய எந்திரங்கள், மண்ணில்லாமல் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ், நுரைத்துப் பொங்குதல், வண்ணப்பிரிகை. ஆறுமே பள்ளிப் புத்தகத்தில் இருப்பவை. எடை என்ற ஒன்றை நீக்கிவிட்டால் இவற்றில் எது மாறும், எது மாறாது என்று மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே திட்டம்.

ஏவும் நாள் தள்ளிக்கொண்டே போனது. வானிலை, கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்ட ஒரு போல்ட், பிறகு காற்று. 1986 ஜனவரி 28 காலை ஃபுளோரிடாவில் ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கியது. முதல் நாள் இரவே, 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்று திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதாடினார்கள். ராக்கெட்டின் பகுதிகள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்பது அவர்களுடைய அச்சம். மேலாளர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். காலை 11.38க்கு சாலஞ்சர் என்ற அந்த ஓடம் புறப்பட்டபோது வெப்பநிலை சுமார் 2 டிகிரி. வலப்பக்க ராக்கெட்டின் இணைப்பில் வளையம் மூடவில்லை. 73 விநாடிகளில் ஓடம் சிதறியது; கிறிஸ்டா உட்பட அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

நாசா அன்றைக்குச் செயற்கைக்கோள் வழியாகப் பள்ளிகளுக்கே நேரலை அனுப்பியிருந்தது. நாடெங்கும் வகுப்பறைகளில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கான்கார்ட் பள்ளி அரங்கத்தில் மாணவர்கள் விருந்துத் தொப்பி அணிந்து ஊதல்களுடன் உட்கார்ந்திருந்தார்கள். ஏவுதளத்தில் கிறிஸ்டாவின் பெற்றோரும், மூன்றாம் வகுப்பு படித்த அவருடைய மகனின் வகுப்புத் தோழர்களும் அண்ணாந்து நின்றார்கள். அன்று மாலை ரீகன் தம் ஆண்டு உரையைத் தள்ளிவைத்துவிட்டுத் தொலைக்காட்சியில் பேசியபோது பள்ளிப் பிள்ளைகளை நோக்கித் தனியாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருந்தது. ஓர் அரசு தன் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பாதுகாப்பானது என்று சொல்லிக் காட்டிய காட்சி அது. எச்சரித்த பொறியாளர்களின் குரலை ஒதுக்கியவர்கள் ஏழு பேருக்கு மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அந்தக் கடமையைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டவர்கள் இறந்தவர்களின் குடும்பத்தினர். தவறு செய்யாத தரப்பு அவர்கள்தான்!

சாலஞ்சரின் தலைவர் டிக் ஸ்கோபியின் மனைவி ஜூன் ஸ்கோபி ஓர் ஆசிரியை, கல்வித் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். கிறிஸ்டாவின் பாடத் திட்டங்களில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தொழில்முறையாகவே புரியும். விபத்துக்குப் பிந்திய வாரங்களில் ஹூஸ்டனில் அவர் வீட்டுக் கூடத்தில் குடும்பங்கள் கூடின. எலிசன் ஒனிசுக்காவின் மனைவி லோர்னா, ரொனால்ட் மெக்நேரின் மனைவி ஷெரில், மைக்கேல் ஸ்மித்தின் மனைவி ஜேன், கிரிகரி ஜார்விஸின் மனைவி மார்சியா, ஜூடித் ரெஸ்னிக்கின் சகோதரர், கிறிஸ்டாவின் கணவர் ஸ்டீவன். நினைவுத்தூண்களைப் பற்றிப் பேச நாட்டில் ஆளுக்குக் குறைவில்லை. எப்படி இறந்தார்கள் என்பதை உலகம் மறக்கப்போவதில்லை, எதற்காகப் போனார்கள் என்பது மறந்துவிடும் என்பதே இவர்களுடைய கவலை. போனது ஒரு பாடத்துக்காக. அந்தப் பாடம் நடந்தாக வேண்டும். 1986 ஏப்ரல் 24 அன்று, விபத்து நடந்து மூன்று மாதம் முடிவதற்குள், விண்வெளி அறிவியல் கல்விக்கான சாலஞ்சர் மையம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

அந்த ஏழு பேரில் மெக்நேரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். தென் கரோலினாவின் லேக் சிட்டி என்ற ஊரில் 1959இல் ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுவனாக அவர் பொது நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் கேட்டார். கறுப்பினத்தவருக்குப் புத்தகம் தருவதில்லை என்றார்கள். அவர் நகரவில்லை. போலீஸை அழைத்தார்கள், தாயாரும் வந்தார். கடைசியில் புத்தகம் கிடைத்தது. பின்னாளில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லேசர் இயற்பியலில் முனைவரான மனிதரின் தொடக்கம் இது. அந்த நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரையே தாங்குகிறது. அறிவியலை யாருக்குத் திறந்துவிடுவது, யாருக்கு மூடிவைப்பது என்ற கேள்வி சாலஞ்சர் மையத்துக்குள் வெளியிலிருந்து வந்ததன்று. நிறுவிய குடும்பங்களில் ஒன்றின் வாழ்க்கையிலேயே அது இருந்தது.

முதல் கற்றல் மையம் 1988 ஆகஸ்டில் ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் திறந்தது. விபத்துக்குப்பின் ஓடங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியது செப்டம்பர் 29இல். ஆக, நாசா எழுந்து நிற்பதற்குச் சில வாரம் முன்பே பிள்ளைகள் பயணம் கிளம்பிவிட்டார்கள்.

இந்தக் கற்றல் மையங்களில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதன் வெற்றி அமைப்பில்தான் இருக்கிறது. இரண்டு அறைகள். ஒன்று தரைக் கட்டுப்பாட்டு அறை, மற்றது விண்கலத்தின் உட்புறம். ஒரு வகுப்பு மாணவர்கள் இரண்டாகப் பிரிந்து இரண்டிலும் உட்காருவார்கள். ஒருவரையொருவர் நேரில் பார்க்க முடியாது. பேச்சும் திரையும் மட்டுமே இணைப்பு. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பொறுப்பு: வழிநடத்தல், உயிர்காப்பு, மருத்துவம், ஆய்வுக்கலம், தகவல் தொடர்பு. விண்கலத்தில் இருக்கும் மருத்துவப் பிரிவுப் பெண் எடுத்த நாடித்துடிப்பின் கணக்கு தரையில் இருக்கும் அவள் ஜோடிக்குப் போய்ச் சேர வேண்டும். உயிர்காப்புப் பிரிவுப் பையன் குடிநீரின் அமிலத்தன்மையைச் சோதித்துச் சொல்ல வேண்டும். வழிநடத்துபவர்கள் தப்பாகக் கணக்குப் போட்டால் கலம் வேறெங்கோ போகும். நடுவில் திடீரென்று அபாய மணி அடிக்கும், ஏதோ ஒன்று பழுது. அப்போது யாராவது ஒருவர் அழுத்தமாகவும் தெளிவாகவும் பேசியாக வேண்டும். பாதி நேரம் முடிந்ததும் இரு குழுக்களும் அறை மாறிக்கொள்வார்கள். தரையிலிருந்து உத்தரவு போட்டவன் இப்போது உத்தரவுக்குக் காத்திருப்பான்.

பயணங்களில் ஒன்று வால்மீனைத் தேடிச் செல்வது. அதற்குப் பின்னால் ஒரு வலி உண்டு. சாலஞ்சர் அன்று சுமந்து சென்றவற்றில் ஹாலி வால்மீனை ஆராயவிருந்த கருவியும் ஒன்று. சூரியனை ஹாலி நெருங்கியது அடுத்த மாதம், பிப்ரவரி 9 அன்று. அந்தக் கருவியால் அதைப் பார்க்க முடியவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அந்த நாற்காலிகளை வைத்ததைத்தான் இந்தக் குடும்பங்களின் பெரிய செயலாக நான் கருதுகிறேன். அறிவியல் அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு வருவது என்ற பழக்கம் இருந்தது. இங்கே ஒரு பிள்ளை தன் வேலையைச் செய்யாவிட்டால் பக்கத்தில் இருப்பவருடைய வேலை நின்றுபோகும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கும் அன்று ஒரு தகவல் சொல்லியே தீரவேண்டிய கட்டாயம். எச்சரித்த குரலை மேலிடம் கேட்காததால் விளைந்த விபத்தின் நினைவாக எழுந்த இடத்தில், சொல்வதைத் தெளிவாகச் சொல்லவும் மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கவும் பயிற்சி நடக்கிறது. இதைத் திட்டமிட்டே வைத்தார்களா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பலன் அதுதான்.

இனி, இது ஒரே கட்டடத்தோடு நிற்காமல் பரவியது எப்படி என்பதைப் பார்க்க வேண்டும். குடும்பங்களிடம் நாடெங்கும் கட்டடம் கட்டப் பணம் கிடையாது. தலைமை அமைப்பு பயணக் கதைகளையும் பாடக் குறிப்புகளையும் ஆசிரியர் பயிற்சியையும் தரும். இடமும் ஆளும் அன்றாடச் செலவும் உள்ளூர் பொறுப்பு. திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு தெரு மண்டகப்படியாக ஏற்றுக்கொள்வதுபோல, ஓர் ஊரில் அருங்காட்சியகம், இன்னோர் ஊரில் பல்கலைக்கழகம், வேறோர் ஊரில் பள்ளி மாவட்டம் என்று ஏற்றுக்கொண்டன. கிறிஸ்டா படித்த ஃபிரேமிங்ஹாம் கல்லூரி அவர் பெயரிலேயே ஒரு மையத்தை நிறுவி அதற்குள் இதை நடத்துகிறது. கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்க மலைகளுக்கு நடுவே ஹஸர்ட் என்ற சிற்றூரில் ஒன்று இருக்கிறது. அலாஸ்காவின் கெனாயில் ஒன்று. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத் தேசிய விண்வெளி மையத்துக்குள்ளும் ஒன்று அமைந்தது. மொத்தம் நாற்பதுக்குக் கிட்டத்தில் என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை வளர்ந்தது.

ஹஸர்ட் போன்ற ஊரில் அது இருப்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். விண்வெளிக்கும் அந்த ஊருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுரங்கத் தொழில் தேய்ந்துகொண்டிருந்த மலைப்பகுதி. அங்குள்ள பிள்ளைகள் ஹூஸ்டனுக்குச் சுற்றுலா போகக் காத்திருந்தால் பள்ளிப்படிப்பே முடிந்துவிடும். உள்ளூர்க் கல்லூரியும் ஊராரும் சேர்ந்து பொறுப்பேற்றதால்தான் அது அங்கே வந்தது.

மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்து மையம் இன்னொரு வழி கண்டுபிடித்தது. வரமுடியாத பள்ளிக்குப் பயணத்தையே அனுப்புவது. கரீபியனில் மொன்செராட் தீவில் எரிமலை 1990களில் ஊரையே அழித்தது அல்லவா? அதை அடிப்படையாக வைத்து ஒரு பயிற்சி அமைத்தார்கள். எரிமலையும் புயலும் ஒருசேர நெருங்குகின்றன. மாணவர்கள் தங்கள் வகுப்பறையிலேயே கணினிகளுக்கு முன்னால் அமர்ந்து, வந்துகொண்டிருக்கும் தகவல்களைக் கணக்கிட்டு, தீவு மக்களை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று மையத்துக்குச் சொல்ல வேண்டும். காணொலி வகுப்பு என்பது எல்லோருக்கும் பழக்கமாவதற்கு வெகு காலம் முன்பே இது நடந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு நாள் பயணத்தால் மட்டும் அறிவியல் வந்துவிடாது. ஆசிரியர் முன்கூட்டியே வகுப்பில் பாடத்தை நடத்தித் தயார் செய்து அழைத்துவந்தால்தான் அந்த இரண்டு மணி நேரத்துக்கு அர்த்தம் உண்டு. அப்படித் தயாராக வராத வகுப்புக்கு அது விளையாட்டாகவே முடியும். அதோடு, எந்திரங்கள் பழையதாகும், ஏற்று நடத்தும் நிறுவனத்தின் கையிருப்பு குறையும். மூடப்பட்ட மையங்களும் உண்டு. உள்ளூர்ப் பொறுப்பு என்ற ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்.

இதற்கிடையில் பிள்ளைகள் வேறொரு வகையிலும் இந்த வரலாற்றுக்குள் வந்தார்கள். சாலஞ்சருக்குப் பதிலாகக் கட்டிய ஓடத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையைப் பள்ளி மாணவர்களுக்கே கொடுத்தார்கள். போட்டியில் வென்ற பெயர் எண்டெவர், கேப்டன் குக் செலுத்திய கப்பலின் பெயர். 1989 மே மாதம் அறிவிக்கப்பட்டது.

பார்பரா மோர்கன் விபத்துக்குப்பின் மெக்காலுக்கே திரும்பிப் போய்ப் பாடம் நடத்தினார். விட்டுவிட்டார் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். 1998இல் நாசா அவரை முழுநேர விண்வெளி வீரராகவே எடுத்துக்கொண்டது. 2003 நவம்பரில் கொலம்பியா ஓடத்தில் போக இருந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே கொலம்பியா அழிந்தது. அதற்கும் பிறகு காத்திருந்து, 2007 ஆகஸ்ட் 8 அன்று, தம் 55ஆம் வயதில், பிள்ளைகள் பெயர் வைத்த அதே எண்டெவரில் போனார். ஓடத்தின் எந்திரக் கையை இயக்கினார், இடாஹோ மாணவர்களுடன் சுற்றுப்பாதையிலிருந்து பேசினார். தம்முடன் ஒரு கோடி துளசி இன விதைகளை எடுத்துப்போய்க் கொண்டுவந்தார். நிலவில் செடி வளர்க்கும் பெட்டியை மாணவர்களே வடிவமைக்கும் திட்டத்துக்காக அவை பள்ளிகளுக்குப் பகிரப்பட்டன.

பள்ளி ஒன்றின் காத்திருப்பும் இப்படித்தான். சாலஞ்சரில் இறந்த ஒனிசுக்காவின் மகள் படித்த பள்ளி ஹூஸ்டன் பக்கத்து கிளியர் லேக் உயர்நிலைப் பள்ளி. அங்குள்ள மாணவர்கள் கையொப்பமிட்ட கால்பந்து ஒன்று 1986இல் ஒனிசுக்காவுடன் போயிருந்தது. கடலில் எடுத்த சிதைவுகளுக்கு நடுவே அது கிடைத்து, பள்ளிக்கே திரும்பி வந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே பள்ளியில் தம் பிள்ளையைப் படிக்கவைத்த விண்வெளி வீரர் ஷேன் கிம்ப்ரோ, பள்ளியின் சம்மதத்தோடு அந்தப் பந்தைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு எடுத்துச் சென்றார்.

கிறிஸ்டாவின் அந்த ஆறு செய்முறைகள்? அவை 32 ஆண்டுகள் குறிப்பேட்டில் இருந்தன. 2018இல் நாசாவும் சாலஞ்சர் மையமும் சேர்ந்து அவற்றில் சிலவற்றைக் கையில் எடுத்தன. அந்த ஆண்டு விண்வெளி நிலையத்தில் அடுத்தடுத்துப் பணியாற்றிய ஜோ அகாபா, ரிக்கி ஆர்னால்ட் இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து 2004இல் விண்வெளி வீரர்களாகத் தேர்வானவர்கள். கிறிஸ்டாவின் குறிப்புகளை வைத்துக்கொண்டு, நிலையத்தில் கிடைத்த பொருள்களுக்கு ஏற்பச் சற்றே மாற்றி, வண்ணப்பிரிகை, நுரைத்துப் பொங்குதல், நியூட்டனின் விதிகள் ஆகியவற்றையும், கூடவே எடையற்ற நிலையில் திரவங்கள் பற்றிய பாடத்தையும் நடத்திப் படம்பிடித்தார்கள்.

நுரைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மேசையில் டம்ளர் தண்ணீரில் கரையும் மாத்திரையைப் போட்டால் குமிழிகள் மேலே வந்து உடைகின்றன. அவை மேலே வருவதற்குக் காரணம், கனமான தண்ணீர் கீழே இழுக்கப்படுவது. சுற்றுப்பாதையில் மேலும் இல்லை, கீழும் இல்லை. மிதக்கும் தண்ணீர் உருண்டைக்குள் மாத்திரையைச் செருகினால் குமிழிகள் பிறந்த இடத்திலேயே சேர்ந்து பெருகும். வண்ணப்பிரிகை இதற்கு நேர்மாறு. ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்த தாளின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டதும், இங்கே எப்படி மை நிறம் நிறமாகப் பிரிகிறதோ அப்படியே அங்கும் பிரிகிறது. தாளின் இழைகளுக்குள் தண்ணீர் ஏறுவது நுண்புழை விசையால். அதற்குப் புவியீர்ப்பின் தயவு தேவையில்லை. ஒன்று மாறுகிறது, ஒன்று மாறவில்லை. கிறிஸ்டா பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தது இந்த இரண்டையும்தான். காணொலிகளும் பாடக் குறிப்புகளும் எந்த ஊர் ஆசிரியரும் எடுத்துக்கொள்ளும்படி கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. வடிதாளும் ஸ்கெட்ச் பேனாவும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தால் திங்கட்கிழமை முதல் பீரியடிலேயே தொடங்கலாம்.